மலிவுப் பொறியும் மின்சாரப் பட்டியலும்

(மன்றத்து இளைஞர் ஒன்றுகூடலில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



விநாயகப் பெருமானை வணங்கி எமது பேச்சைத் தொடங்குகின்றோம். திருமுறையும் புராணமும் பேசப்படும் இம்மேடையில் பணம் உண்டாக்கும் பொறியைப் பற்றிப் பேச வந்தோமே என்று பெரியோர் சிலர் நினைக்கக்கூடும். இல்லறத்தான் பொருளைத் தேடுவதும், தேடிய பொருளை அறிவீனத்தால் இழவாது காப்பதும் அறத்தின் பாற்பட்டவையே. அன்றியும், இப்பேச்சை நிகழ்த்துவதற்கு எமக்கு வேறொரு காரணமும் உண்டு. அதனை மறையாது கூறுவோம். இங்கே பேசும் வாய் ஒன்றாயினும், பேச்சு எங்கள் நால்வருடையது. நாங்கள் செய்த பிழை ஒன்றுக்கு இது பிராயச்சித்தம்.

பாமன்கடை மக்களுக்குப் பொறி என்பது புதிய பொருளன்று. ஹவ்லொக் வீதியில் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை நெடுங்காலம் ஓடியதை இங்குள்ள மூத்தோர் அறிவர். இன்று அந்நிலத்தில் ஹவ்லொக் சிற்றி என்னும் வானளாவிய தொடர்மாடிகள் நிற்கின்றன. அந்த ஆலையின் பொறிகளைப் பற்றி எவரும் ஐயுற்றதில்லை. பஞ்சு போயிற்று, நூல் வந்தது. நூல் போயிற்று, துணி வந்தது. உள்ளே போவதும் வெளியே வருவதும் கண்ணுக்குத் தெரிந்தன. யாம் இன்று பேசப்போகும் பொறியிலோ, உள்ளே போவது மின்சாரம். வெளியே வருவது வெப்பமும் இரைச்சலும், கண்ணுக்குப் புலப்படாத ஓர் எண்ணும். இதனாலேதான் அதனை மதிப்பிடுவதில் நாங்கள் ஏமாந்தோம்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்வோம். சென்ற ஆண்டு எங்கள் நண்பர் ஒருவர், பிட்கொயின் என்னும் மெய்நிகர் நாணயத்தை உண்டாக்கும் பொறியொன்று முப்பத்தையாயிரம் ரூபாவுக்குக் கிடைக்கிறதென்று அறிந்து வந்தார். பழைய பொறிதான், ஆயினும் ஓடுகின்ற பொறி. விற்றவர் தம் கைத்தொலைபேசியில் வருமானக் கணக்கொன்றைக் காட்டினார். அதில் நாள் வருமானம், மாத வருமானம், ஆண்டு வருமானம் எல்லாம் பச்சை எழுத்தில் இருந்தன. நாங்கள் நால்வரும் அருகில் நின்று பார்த்தோம். பல்கலைக்கழகத்திற் படிக்கின்றவர்கள் என்பதால் எங்களுடைய சொல்லுக்கு நண்பர் மதிப்புக் கொடுத்தார். "வாங்கு" என்றோம். அவருடைய தாயார் தம் கைக்காப்பை அடைவு வைத்துப் பணம் கொடுத்தார்.

பொறி இருபத்தாறு நாள் ஓடியது. பின்பு மின்சாரப் பட்டியல் வந்தது. வழக்கமான தொகையோடு ஐம்பதினாயிரம் ரூபாவுக்கு மேல் ஏறியிருந்தது. பொறி தேடிய நாணயமோ, கூட்டாகத் தேடுவோர் விதித்திருந்த குறைந்தபட்ச வரம்பை எட்டாதபடியால், ஒரு சதமேனும் கைக்கு வரவில்லை. அதன் பிறகுதான் அந்த வருமானக் கணக்கை மறுபடியும் எடுத்துப் பார்த்தோம். "மின்சார விலை" என்ற கட்டம் ஒன்று அதில் இருந்தது. அக்கட்டத்தில் பூச்சியம் போடப்பட்டிருந்தது. நாங்கள் நால்வரும் அதைப் பார்த்திருக்கிறோம், கவனிக்கவில்லை.

நண்பர் இவ்வவையில் அமர்ந்திருக்கிறார். அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கின்றோம்.

இனி, அன்று நாங்கள் போட்டிருக்க வேண்டிய கணக்கை இன்று உங்கள் முன் போட்டுக் காட்டுவோம். அதற்கு முன் அப்பொறி யாது செய்கின்றது என்பதை அறிதல் வேண்டும்.

2008ஆம் ஆண்டு ஒக்டோபரில் சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் ஒருவர், அல்லது ஒரு குழுவினர், வங்கியின் துணையின்றிப் பணம் கைமாறும் முறையொன்றை எழுதி வெளியிட்டனர். 2009 ஜனவரி 3ஆந் தேதி அதன் முதற் கட்டம் பதிவாயிற்று. பணம் யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்னும் பேரேட்டை உலகெங்குமுள்ள கணினிகள் சேர்ந்து எழுதுகின்றன. அப்பேரேட்டில் ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம் சேரும். அப்பக்கத்தை எழுதும் உரிமை யாருக்கு? கடினமான புதிரொன்றுக்குப் பொருந்தும் எண்ணை முதலிற் கண்டுபிடிப்பவருக்கு. அந்த எண்ணைக் காண அறிவு தேவையில்லை. குறுக்கு வழியும் இல்லை. ஒன்று பொருந்தாவிட்டால் மற்றொன்று, அதுவும் பொருந்தாவிட்டால் வேறொன்று என்று மாறி மாறிப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். இதற்குச் "சுரங்கம் தோண்டுதல்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையில் இங்கே சுரங்கமும் இல்லை, மண்வெட்டியும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கோடி கோடித் தடவை ஊகம் செய்தலே தொழில்.

எண்ணைக் கண்டவருக்குப் பரிசாகப் புதிய நாணயம் கிடைக்கும். தொடக்கத்தில் ஒரு பக்கத்துக்கு 50 நாணயம். 2012இல் அது 25 ஆயிற்று, 2016இல் பன்னிரண்டரை, 2020இல் ஆறேகால், 2024 ஏப்பிரலில் 3.125. ஏறத்தாழ நான்கு ஆண்டுக்கு ஒரு முறை பாதியாகும்படி விதி எழுதப்பட்டிருக்கிறது. 2028ஆம் ஆண்டளவில் மறுபடியும் பாதியாகும்.

இதிலே இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பொறிகள் பெருகினால் நாணயமும் பெருகும் என்று நினைப்பது தவறு. இரண்டு கிழமைக்கு ஒருமுறை அப்புதிரின் கடினம் திருத்தப்படுகின்றது. உலகத்திற் பொறிகள் கூடினால் புதிர் கடினமாகும், குறைந்தால் இலகுவாகும். நாளொன்றுக்குப் பக்கங்கள் ஏறத்தாழ 144. பரிசு நாணயங்கள் 450. கோயிலிலே பொங்கிய பொங்கல் ஒரு கிடாரந்தான் என்று வைத்துக்கொள்வோம். நூறு பேர் வந்தாலும் அதே கிடாரம். பதினாயிரம் பேர் வந்தாலும் அதே கிடாரம். வரிசையில் ஆட்கள் பெருகப் பெருக ஒவ்வொருவர் இலையிலும் விழுவது குறையும். கோயிலிலே அடியார்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பார்கள். இந்த வரிசையிலோ பெரிய அகப்பை கொண்டு வந்தவன் பெரிதாக அள்ளிக்கொள்வான்.

அகப்பைகள் எவ்வளவு விரைவிற் பெருத்தன என்பதையும் சொல்லவேண்டும். 2009இல் வீட்டுக் கணினி ஒன்று போதுமாயிருந்தது. அடுத்த ஆண்டில் விளையாட்டுப் படங்களுக்கென அமைந்த வரைகலை அட்டைகள் அவ்வேலைக்கு வந்தன. 2013இல் இத்தொழிலைத் தவிர வேறொன்றுமறியாத தனிச் சில்லுகள் சந்தைக்கு வந்தன. அன்று முதல் வீட்டுக் கணினி போட்டியிலிருந்து விலகிற்று. 2016இல் சீனத்துப் பிட்மெயின் நிறுவனம் அன்ட்மைனர் எஸ்9 என்னும் பொறியை வெளியிட்டது. நொடிக்குப் பதின்மூன்றரை டெராஹாஷ் அதன் வேகம்; அஃதாவது நொடிக்குப் பதின்மூன்றரை இலட்சம் கோடி ஊகங்கள். அக்காலத்தில் உலகத்துப் பொறிகள் அனைத்தின் வேகமும் சேர்ந்து இரண்டு எக்சாஹாஷ்கூட இல்லை. 2025இல் அவ்வேகம் ஆயிரம் எக்சாஹாஷைத் தொட்டது. ஐந்நூறு மடங்குக்கு மேல்! பொறியின் வேகம் மாறவில்லை, வரிசைதான் நீண்டுவிட்டது. எங்கள் நண்பர் வாங்கியது இந்தப் பொறியே. "மலிவான பொறி" என்று இன்று விற்கப்படுவனவற்றுள் பல இத்தகையனவே.

நிற்க. ஒரு காரியத்தில் இறங்குமுன் எதை எண்ண வேண்டும்? வள்ளுவப் பெருந்தகை தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, செலவாவது எது, கிடைப்பது எது, முடிவில் மிஞ்சுவது எது என்று மூன்றையும் ஆராயச் சொல்கிறார். நாங்கள் மிஷன் பள்ளிக்கூடத்திற் படித்தவர்கள். அங்கே வேத பாடத்தில், கோபுரம் எழுப்ப நினைத்தவன் அதற்குத் தன் கைப்பொருள் போதுமாவென்று முதலில் இருந்து எண்ணாவிட்டால் பிறர் நகைப்புக்கு ஆளாவான் என்று இயேசுநாதர் கூறிய கதையைக் கேட்டிருக்கிறோம். கோயிலிற் கேட்டதும் பள்ளியிற் கேட்டதும் ஒன்றாகவே இருந்தன. கணக்குப் பார்க்க வேண்டிய நாளில் இரண்டையும் நாங்கள் மறந்தோம்.

முதலாவது, செலவு. எஸ்9 பொறி ஏறத்தாழ 1,350 வாற்று மின்சாரம் கொள்ளும். வீட்டிலே ஸ்திரிக்கைப்பெட்டியைச் சூடாக்கி, இரவு பகலாக ஒரு கணமும் அணைக்காமல் விட்டதற்கு ஒப்பாகும். ஒரு நாளைக்கு 32.4 அலகு, முப்பது நாளுக்கு 972 அலகு. ஓரலகின் விலை யாது? இங்கேதான் பலரும் இடறி விழுகின்றார்கள். பட்டியலின் மொத்தத் தொகையை மொத்த அலகால் வகுத்துச் சராசரி எடுப்பது பிழை. நம் நாட்டில் வீட்டு மின்சாரம் படிப்படியாக விலை ஏறுவது. விளக்கு, மின்விசிறி, குளிர்சாதனப்பெட்டி ஆகியன ஏற்கனவே கீழ்ப்படிகளை நிரப்பிவிட்டன. புதிதாக வந்த பொறி தின்பதெல்லாம் மேற்படியில், அஃதாவது 180 அலகுக்கு மேற்பட்ட மிகக் கூடிய விலையில், எண்ணப்படும். ஆகவே பட்டியலின் கடைசிப் படியின் விலையையே எடுக்க வேண்டும். கட்டணம் அடிக்கடி மாறுகின்றது. 2022 ஓகஸ்டில் சராசரி நூற்றுக்கு 75 ஏறிற்று, 2023 பெப்ரவரியில் மறுபடியும் நூற்றுக்கு 66 ஏறிற்று, பின் சில முறை குறைந்து சில முறை கூடிற்று. கணக்குக்கு அறுபது ரூபா என்று வைத்துக்கொள்வோம். 972 அலகுக்கு 58,320 ரூபா.

இரண்டாவது, வரவு. உலகத்து மொத்த வேகம் ஆயிரம் எக்சாஹாஷ் என்றால், அது நூறு கோடி டெராஹாஷ். அதிலே நம் பொறியின் பங்கு பதின்மூன்றரை. நாளொன்றுக்குக் கிடைக்கும் 450 நாணயத்தை நூறு கோடிப் பங்காக்கி, அவற்றுள் பதின்மூன்றரைப் பங்கை நாம் பெறுகின்றோம். பிட்கொயின் ஒன்றைப் பத்துக் கோடிச் சிறு கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறுக்கும் சதோஷி என்றே பெயரிட்டிருக்கிறார்கள். (நம்மூர்ச் சதொசவோடு இதனைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், சதொசவிற் காசு கொடுத்தால் அரிசியாவது கிடைக்கும்.) நம் பொறி நாளொன்றுக்கு 607 சதோஷி தேடும், மாதத்துக்கு ஏறத்தாழ 18,200. பிட்கொயின் ஒன்று 2024 டிசம்பரில் முதன்முறையாக ஓர் இலட்சம் டொலரைத் தாண்டிற்று; பின் ஏறியும் இறங்கியும் வருகின்றது. இலட்சம் டொலர் என்றே வைத்து, டொலருக்கு 300 ரூபா என்றும் கொள்வோம். மாத வரவு ஏறத்தாழ 5,470 ரூபா. பரிமாற்றங்களுக்காகச் செலுத்தப்படும் சிறு கட்டணத்திலும் ஒரு பங்கு சேரும். கூட்டாகத் தேடுவோர் எடுக்கும் தரகு அதனைக் கழித்துவிடும்.

மூன்றாவது, மிச்சம். 58,320 கொடுத்து 5,470 பெறுகின்றோம். மாதந்தோறும் 52,850 ரூபா நட்டம். பொறியின் விலையை நாம் இன்னும் எண்ணவேயில்லை. பொறியை இலவசமாகத் தந்தாலும் நட்டம் இதுவே.

இக்கணக்கையெல்லாம் ஒரே கேள்வியாகச் சுருக்கி உங்கள் கையில் தர விரும்புகின்றோம். பொறியை விற்க வருபவரிடம் அதன் விலையைக் கேளாதீர்கள். நாட்கூலி எவ்வளவு என்றும் கேளாதீர்கள். "ஓரலகு மின்சாரத்தைத் தின்று எத்தனை ரூபாவைத் திருப்பித் தரும்?" என்று கேளுங்கள். எஸ்9 பொறி, மேற்சொன்ன கணக்கின்படி, ஓரலகுக்கு 5 ரூபா 60 சதம் தரும். நாம் கொடுப்பதோ அறுபது ரூபா. சந்தையில் மாடு மலிவாக வந்தால் விவசாயி மகிழ மாட்டான். மடியைத் தடவிப் பார்ப்பான். பால் வற்றிப்போய்த் தீனி மட்டும் தின்னும் மாடு என்பதாலேயே அது மலிவு. இப்பொறியும் அவ்வாறே. அதன் மலிவு நமக்குக் கிடைத்த பேறன்று. அதன் வரலாற்றை அறிந்தவர்கள் அதற்கிட்ட சரியான மதிப்பு.

"பழைய பொறிதானே அப்படி, புதியது வாங்கினால் என்ன?" என்று ஒருவர் கேட்கலாம். அதே கேள்வியைப் புதிய பொறியிடமும் கேட்போம். அந்நிறுவனமே 2023இல் அறிவித்த எஸ்21 என்னும் பொறி நொடிக்கு 200 டெராஹாஷ் வேகமுடையது. 3,500 வாற்றுக் கொள்ளும். மாதம் 2,520 அலகு. அறுபது ரூபா வீதம் 151,200 ரூபா. வரவு ஏறத்தாழ 81,000. ஓரலகுக்கு 32 ரூபா தருகின்றது. பழையதை விட ஆறு மடங்கு திறமை; ஆயினும் பாமன்கடை வீட்டு மின்சாரத்தில் அதுவும் மாதம் 70,000 ரூபாவை விழுங்கும். திறமையான பொறி கூடுதலாக ஓடுவதால் நட்டத்தின் தொகையும் கூடுகின்றது.

உள்ளங்கையளவான சிறு பொறிகளும் உண்டு. பிட்அக்ஸ் என்பது அவற்றுள் ஒன்று. அதன் வரைபடத்தை எவரும் பார்க்கலாம், தாமே செய்யவும் செய்யலாம். அதன் ஒரு வகை ஏறத்தாழ 18 வாற்றில் 1.2 டெராஹாஷ் தருகின்றது. மாதம் 13 அலகு, 780 ரூபா. வரவு 486 ரூபா. நட்டம் சிறிது; அவ்வளவே. தனித்து நின்று முழுப் பரிசான 3.125 நாணயத்தையும் வெல்லலாம் என்று சிலர் ஆசை காட்டுவர். உலகத்தில் எங்கோ சிறு பொறி வைத்திருந்த ஓரிருவர் அவ்வாறு வென்றதும் உண்டு. ஆனால் மேற்சொன்ன வேகத்தில் ஒருமுறை வெல்வதற்குச் சராசரியாக 15,800 ஆண்டு வேண்டும். இதற்கு நல்ல தமிழிற் பெயர் அதிர்ஷ்டலாபச் சீட்டு. மின்னியல் பயிலும் மாணவர் ஒருவர் பாடப் புத்தகம் வாங்குவது போல இதனை வாங்கிக் கற்றால் அதில் பிழையில்லை. புத்தகத்துக்குச் செலவழித்தோம் என்று கணக்கெழுத வேண்டும்; வருமானத்துக்கு முதலிட்டோம் என்று எழுதலாகாது.

வரைகலை அட்டை வைத்திருப்போருக்கும் ஒரு சொல். ஈதரியம் என்னும் நாணயமே அவ்வட்டைகளுக்குப் பெரும் வேலை கொடுத்து வந்தது. 2022 செப்டெம்பர் 15ஆந் தேதி அது சுரங்க முறையையே கைவிட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட வருமானக் கதைகளை இன்று எவரேனும் காட்டினால் தேதியைப் பாருங்கள்.

இனி, நாங்களே எங்களுக்குச் சொல்லிக்கொண்ட சமாதானங்களைப் பார்ப்போம்.

"நாணயத்தின் விலை ஏறும், அப்போது எல்லாம் சரியாகும்" என்றோம். மேற்சொன்ன கணக்கில் எஸ்9 பொறிக்கு மின்செலவாவது தேறவேண்டுமானால் பிட்கொயின் ஒன்று பத்து இலட்சம் டொலருக்கு மேல் விற்க வேண்டும். அதுவும் உலகத்தில் வேறெவரும் புதுப் பொறி பூட்டாதிருக்க வேண்டும். விலை ஏறினால் பிறர் சும்மா இருப்பார்களா? வரிசை இன்னும் நீளும். விலை ஏறுமென்று உண்மையிலேயே நம்புபவருக்கும் இப்பொறி பொருந்தாது. 58,320 ரூபா கொடுத்து 5,470 ரூபா பெறுமதியான நாணயத்தை வாங்குவதற்கு அது சமம்.

"கூரையிலே சூரிய மின்தகடு போட்டால் மின்சாரம் இலவசம்" என்றோம். இலவசமன்று. தகட்டுக்கு முதல் போடவேண்டும். இரவில் அது உறங்கும். பகலில் உண்டாகும் அலகை மின்வலையமைப்புக்குக் கொடுத்தால் அதற்கு விலை கிடைக்கும். பொறி தரும் 5 ரூபா 60 சதத்தை அவ்விலையோடு ஒப்பிட்டால் எது இலாபம் என்பது விளங்கும்.

"கனடாவில் எங்கள் உறவினர் ஒருவர் ஓட்டுகின்றாரே" என்றார் எங்களுள் ஒருவர். உண்மைதான். ஸ்காபரோவில் பனிக்காலத்தில் நிலவறை குளிரும். வீட்டைச் சூடாக்க எப்படியும் செலவிட வேண்டும். பொறி தின்னும் மின்சாரம் முழுவதும் வெப்பமாக மாறுவதால் அங்கே அதுவும் ஒரு பயன். மின்சாரமும் இங்கேயுள்ள மேற்படி விலையை விட மலிவு. பாமன்கடையில் யாருக்கு வெப்பம் வேண்டும்? தொடர்மாடி வீட்டின் சிற்றறையில் அப்பொறியை வைத்த அன்றே வீட்டார் கூடத்திற் படுக்க வேண்டியதாயிற்று. இரைச்சலோ, தூசி உறிஞ்சும் இயந்திரம் ஓயாமல் ஓடுவது போன்றது. மூன்றாம் நாள் கீழ்மாடியில் உள்ள முதியவர் வந்து கதவைத் தட்டினார். கடற்காற்றின் உப்பும் ஈரமும் இத்தகைய பொறிகளுக்குப் பகை என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

நான்காவது சமாதானம் நாவிற் சொல்லக் கூசுவது. "மின்சாரக் காசு நாம் கட்டாத இடத்தில் வைத்தால்?" என்ற எண்ணமும் எங்களுள் எழுந்தது. மாணவர் விடுதி, அலுவலகம், வாடகையோடு மின்சாரமும் சேர்ந்த அறை முதலியன நினைவுக்கு வந்தன. இக்கணக்கில் இலாபம் வரும் வழி இது ஒன்றே. ஏனெனில் நட்டம் அழிந்துவிடுவதில்லை; பிறர் தலைக்கு மாறுகின்றது. இதற்குத் தமிழில் களவு என்று பெயர். அவ்வெண்ணத்தை அங்கேயே விட்டோம்.

நாட்டின் சட்டநிலையையும் அறிந்திருத்தல் வேண்டும். இலங்கை மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் மெய்நிகர் நாணயங்களைப் பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. அவை சட்டமுறையான நாணயமல்ல என்றும், வங்கி அட்டைகளைக் கொண்டு அவற்றுக்குப் பணம் செலுத்த அனுமதியில்லை என்றும் 2022 ஜூலை அறிவித்தலில் எடுத்துரைத்தது. ஆகவே தேடிய நாணயத்தை ரூபாவாக்கும் வழியில் ஏமாற்றப்பட்டால் யாரிடம் முறையிடுவது என்ற கேள்வியும் விலையின் ஒரு பகுதியே. பொறியே இல்லாமல் "உங்களுக்காக நாங்கள் தோண்டுகிறோம்" என்பாரும் உளர். இந்தியாவில் 2015ஆம் ஆண்டளவில் தோன்றிய கெயின்பிட்கொயின் என்னும் திட்டம் மாதம் நூற்றுக்கு 10 வீதம் 18 மாதம் தருவதாகச் சொல்லிப் பல்லாயிரவரை வீழ்த்திற்று. அதனை நடத்தியவர் 2018இற் கைதானார். நம் நாட்டிலும் ஸ்போர்ட் செயின், எம்.ரி.எப்.ஈ. முதலியவற்றை மத்திய வங்கி 2023இல் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்கள் எனப் பெயர் குறித்து அறிவித்தது. எங்கள் நண்பரின் பொறியாவது கண்ணாற் காணத்தக்க பொறி. அந்த அளவில் அவர் தப்பினார்.

அப்படியாயின் இத்தொழிலில் எவருக்குமே இலாபமில்லையா? உண்டு. பூட்டான் நாடு இமயத்து ஆறுகளின் நீர்மின்சாரத்தைக் கொண்டு அரச முதலீட்டு நிறுவனத்தின் வழியே பிட்கொயின் தேடி வந்திருக்கின்றது. மலிவான மின்சாரமும், புதிய பொறிகளும், குளிர்ந்த காற்றும் ஒருங்கே உடையவருக்கு இது தொழில். நமக்கோ லக்சபான நீரும் நுரைச்சோலை நிலக்கரியும் சேர்ந்தும் தட்டுப்பாடு வந்ததை மறக்க இயலாது. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்தது. நாங்கள் உயர்தர வகுப்புப் பாடங்களை மெழுகுதிரி வெளிச்சத்திற் படித்த காலம் அது. மாதம் 90 அலகோடு வாழும் குடும்பங்கள் பத்துக்குப் போதுமான மின்சாரத்தை அந்த ஒரு பொறி தின்கிறது. இலாபம் இருந்தாலும் இதனை எண்ண வேண்டும். நட்டத்துக்காக அவ்வளவையும் எரிப்பதை என்னென்பது!

அன்பர்களே, முடிவுக்கு வருகின்றோம். பொறி இப்போது ஓடவில்லை. தாயாரின் காப்பு இன்னும் அடைவிலேயே இருக்கின்றது. "வாங்கு" என்று சொன்ன நாங்கள் நால்வரும் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பெறுவதில் ஒரு பங்கை மாதந்தோறும் அதற்காக ஒதுக்குகின்றோம். அடுத்த தைப்பொங்கலுக்குள் மீட்டுவிடலாம்.

சென்ற மாதம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி அப்பொறியை வாங்க வந்தார். கையிற் பணத்தோடு வந்தார். எங்கள் நண்பர் பொறியைக் காட்டுமுன் அந்த மின்சாரப் பட்டியலை எடுத்து அவர் கையிற் கொடுத்தார். பின் ஒரு தாளை எடுத்து, இன்று உங்களுக்குச் சொன்ன கணக்கை எழுதிக் காட்டினார். தம்பி தாளை நெடுநேரம் பார்த்தார். "அண்ணா, நீங்கள் விற்க வேண்டிய ஆள் அல்லவா?" என்று கேட்டார். பின் தேநீர் குடித்துவிட்டுப் பணத்தோடு திரும்பிப் போனார்.

இனிமேல் நம் மன்றத்து இளைஞர் எவரேனும் எந்தப் பொறியை வாங்க நினைத்தாலும், வாங்குமுன் எங்களிடம் வாருங்கள். தாளும் எழுதுகோலும் நாங்கள் தருவோம். வீட்டு மின்சாரப் பட்டியலை மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள்.